அழுதால் கண்ணீர் வருமா?

நான் ஓட்டும் பேருந்தில் காலையில் ஏறும் வயதான நோர்வேஜியர் ஒருவர், முந்தைய பனிக்காலத்தில் ஒரு நாள், பயணச்சீட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய காகிதக் கைக்குட்டைப் பொதியை வைத்துவிட்டுப் பேசாமல் பின்னால் போய் அமர்ந்தார். மறந்து விட்டுவிட்டார் என்று நினைத்து, அவர் இறங்கும்போது எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அடுத்த வாரம் இன்னொரு பொதி வந்தது. இந்த நாட்டில் மனிதர்கள் பிறரின் துக்கத்துக்குள் நுழைய மாட்டார்கள். அதன் வாசலில் எதையாவது வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் ஊரான மன்னாரில் ஒரு பெண் கண்ணில் நீர் வழிய பஸ் ஓட்டினால், இரண்டாவது தரிப்பிடம் வருவதற்குள் முழு பஸ்ஸும் காரணத்தைக் கேட்டு அறிந்திருக்கும். காரணம் இல்லையென்றால் யாராவது ஒன்றை உண்டாக்கியும் இருப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. எனக்குச் சொல்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. நான் அழவில்லை. முன்கண்ணாடியில் பனி படியாமல் இருக்க அடிக்கும் சூடான காற்று முகத்தில் பட்டதும் என் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் ஓடத் தொடங்கிவிடும், அவ்வளவுதான்.

யாரோ பயணி ஒருவர் அலுவலகத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். எங்கள் பொறுப்பாளர் என்னை அழைத்தார். என் மகனின் வயதுதான் இருக்கும் அவருக்கு. கோப்பி ஊற்றித் தந்து, கதவைச் சாத்திவிட்டு, “கோர் தெ ப்ரா?” என்று கேட்டார். எல்லாம் நலமா என்று பொருள். எனக்குக் கண் வறட்சியாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். வறட்சிக்கு அவர்களுடைய சொல் தொர்ரே. கண்ணீருக்குத் தோரெர். என் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். நான் “வறட்சி” என்று சொல்லச் சொல்ல அவர் “கண்ணீர்” என்று கேட்டு, மெல்ல மெல்ல முகம் இளகி, கடைசியில் மனநல ஆலோசகர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார். வேண்டுமானால் விடுப்பும் எடுக்கலாம் என்றார். நன்றி சொல்லி, கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு மாலை வேலைக்குப் போனேன்.

அதை ஒரு வேடிக்கையாக விட்டிருக்கலாம். ஆனால் பிறகு ஒரு காலை, பாடசாலைக்கு முன்னால் உள்ள பாதசாரிக் கடவையில் வெள்ளைக் கோடுகள் கரைந்து ஒன்றாகிவிட்டன. ஒருவர் நடுவில் நிற்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. பிரேக்கை அழுத்தியபோது பின்னால் நின்றிருந்தவர்கள் எல்லாரும் முன்னே சாய்ந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. கடவையில் நின்ற மனிதர் கையை உயர்த்தி எனக்கு நன்றிகூடச் சொன்னார். நான் கண்ணை மூன்று தரம் இறுக்கி மூடித் திறந்தேன், கோடுகள் மறுபடி கோடுகளாயின. வேலை முடிந்ததும் நேரே கண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் என் கீழ் இமைக்குள் ஒரு மெல்லிய காகிதப் பட்டியைக் கொளுவி, கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். பிறகு மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். இமை விளிம்பை விரலால் அமத்தினார். கடைசியில், உங்கள் கண் காய்ந்து போயிருக்கிறது என்றார். நான் ஈரமான என் கன்னத்தைக் காட்டினேன். எல்லாரும் இதைத்தான் காட்டுகிறார்கள் என்று சிரித்துவிட்டு, காகிதத்தில் ஒரு கண்ணை வரைந்து விளக்கினார். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லையாம். குழம்பின் மேல் எண்ணெய் படர்வதுபோல, கண்ணின் ஈரத்துக்கு மேல் மெல்லிய எண்ணெய்ப் படை ஒன்று இருக்கிறது. இமை விளிம்பிலுள்ள சிறு சுரப்பிகள் அதைத் தருகின்றன. எனக்கு அவை அடைத்துவிட்டன. எண்ணெய் இல்லாததால் ஈரம் நிற்காமல் காற்றோடு போய்விடுகிறது. கண் எரிகிறது. எரிந்த கண் பதறிப்போய்க் குடம் குடமாகத் தண்ணீரை விடுகிறது. அந்தத் தண்ணீரும் நிற்காமல் கன்னத்தால் ஓடிவிடுகிறது. வயது, மாதவிலக்கு நின்றது, தும்மலுக்கு நான் பல வருடங்களாக எடுக்கும் குளிசை, பேருந்தின் சூடான காற்று, இமைக்க மறந்து றோட்டையே பார்த்துக்கொண்டிருப்பது, எல்லாம் சேர்ந்து இதைச் செய்திருக்கின்றன.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் சூடான துணியை மூடிய கண்களின் மேல் வைக்க வேண்டும், துணி ஆற விடக்கூடாது. பிறகு இமையை விளிம்பை நோக்கி மெல்ல நீவ வேண்டும். பழுதாகாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனம் இல்லாத செயற்கைக் கண்ணீரை விட வேண்டும். காற்றை முகத்திலிருந்து திருப்ப வேண்டும். நினைத்து நினைத்து இமைக்க வேண்டும். எப்போது மாறும் என்று கேட்டேன். மாறாது, பல் தீட்டுவதுபோல நாளும் செய்தால் அடங்கியிருக்கும் என்றார். எழும்புவதற்கு முன் வேறு சில கேள்விகளும் கேட்டார். வாய் காய்கிறதா, சாப்பாடு விழுங்கத் தண்ணீர் தேவையா, காலையில் விரல் மூட்டுகள் வீங்குகின்றனவா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்னாரில் கீரிக் கிராமத்தில் இருக்கும் றீற்றா அக்காவுக்குத் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அம்மா வேளைக்கே இறந்துபோனதால் எனக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். கல்யாணம் முடித்துக் கீரிக்குப் போன நாளிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் தைத்து வருபவர். பொறுப்பாளரின் கோப்பியையும் ஆலோசகரையும் பற்றிச் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. பதிலுக்குக் கேட்டார்.

“அப்ப உனக்குக் கண் காய்ஞ்சு தண்ணி ஓடுதோ? எனக்கு ஓடுறேல்லை. ஒண்டுமே வாறேல்லை.”

கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் இருக்கிறது என்றார். தையல் இயந்திரத்தின் ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறாராம். பின்னேரங்களில் தைப்பதை விட்டுவிட்டார். நான் கண் நிலையத்தில் எனக்குக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக அக்காவிடம் கேட்டேன். பாண் சாப்பிடுவதென்றால் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்க வேண்டும். பல்லுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து போயின. காலையில் கத்தரிக்கோலுக்குள் விரல் போகாது. நான் இல்லை என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் அக்கா ஓம் என்றார்.

இந்த இடத்தில் முன்னைய மார்கழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் அந்தோனி அத்தான் கீரிக் கரையில் வள்ளத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு வர முடியவில்லை. அடக்கத்தைத் தொலைபேசியில்தான் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. பெட்டியின் தலைமாட்டில் அக்கா கதிரையில் இருந்தார். சுற்றியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அத்தானின் மூத்த சகோதரி திரேசம்மா மச்சாள் பெட்டியின் மேல் விழுந்து கதறினார். அக்கா சிவந்த கண்களோடு, வாயை இறுக்கிக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பாதர் வந்து செபம் சொன்னதும் பெட்டியை மூடினார்கள். அப்போதும் அப்படியேதான் இருந்தார். திரேசம்மா மச்சாள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம், தன் தம்பிக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று. அக்காவின் வீடும் மச்சாளின் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். அன்றிலிருந்து மச்சாள் அக்காவின் வாசற்படலையைத் திறக்கவில்லை. பிறகு வெளிச்சம் கூசுகிறது என்று அக்கா கறுப்புக் கண்ணாடி போடத் தொடங்கியபோது, புருசன் போய் வருசம் திரும்பவில்லை, அதற்குள் கூலிங் கிளாஸ் கேட்கிறது என்று ஊர் பேசியது. கல் மனசுக்காரி என்ற பெயர் நிலைத்துவிட்டது. கோயிலில் அக்கா அமரும் நீள மர வாங்கில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். இவையெல்லாம் எனக்கு வேறு வாயால்தான் தெரியவந்தன. அக்கா ஒன்றும் சொன்னதில்லை.

தொலைபேசியில் எவ்வளவு சொல்லியும் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அத்தானின் ஆண்டுத் திருப்பலிக்காக நான் மார்கழியில் ஊருக்குப் போனேன். வாடைக் காற்றும் மழையுமாக இருந்தது. மன்னார்ப் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறமாக இருந்தது. தெற்குக் கரையில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அக்காவின் வீட்டில் முதல் காலையிலேயே ஒன்றைக் கவனித்தேன். எழும்பும்போது, நோர்வேயில்போல என் இமைகள் ஒட்டியிருக்கவில்லை. சூடான துணி வைக்க மறந்துபோனேன். கண் கேட்கவும் இல்லை. சுவரும் தலையணையும் உப்பும் எல்லாம் ஈரமாக இருக்கும் அந்தக் காற்று எனக்குப் போதுமாக இருந்தது. அதே காற்றில், அதே அறையில், அக்கா எழும்பியதும் விரல்களால் இமைகளைப் பிரித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

மேசையில் ஒரு சிறிய மருந்துப் போத்தல் இருந்தது. கண் சிவப்பு மாற பாமசியில் யாரோ கொடுத்தது. மாதக் கணக்காக அதைத்தான் விட்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைக்கச் சொன்னதையும் செய்திருக்கிறார். நான் கொண்டுபோன செயற்கைக் கண்ணீரை அக்காவின் கண்களில் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் குடிப்பவரைப்போலச் சிறிது நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, “இது எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்?” என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வேண்டாம் என்றார். கண்ணைப் பார்க்கப் போனாள் என்று அதற்கும் ஒரு கதை வரும் என்று பயந்தார். இரண்டு நாள் கதைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

கண் கிளினிக் நிரம்பி வழிந்தது. பெரும்பாலும் கண்ணில் வெண்புரை படர்ந்து வந்த வயதானவர்கள். வாங்கின் கடைசியில் திரேசம்மா மச்சாளும் இருந்தார், வெண்புரை முற்றிவிட்டதா என்று பார்க்க வந்தவர். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வரிசை நகர நகர, அவரும் நாங்களும் டொக்டரின் மேசைக்கு முன்னால் அடுத்தடுத்து வந்துவிட்டோம். அந்த இடத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. டொக்டர் ஓர் இளம் பெண். அக்காவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“அழுதா கண்ணீர் வருமா அம்மா?”

அவருக்கு அது வழக்கமான கேள்வி. ஒரு நாளில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

“இல்லை டொக்டர். கன காலமா இல்லை. அவர் செத்த அண்டைக்கும் வரேல்லை.”

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எப்போது என்று கேட்டார். அக்கா சொன்னார். டொக்டர் தாதியைக் கூப்பிட்டுக் காகிதப் பட்டி வைக்கச் சொன்னார். இரண்டு கண்களிலிருந்தும் வெள்ளைப் பட்டிகள் தொங்க, அக்கா வாங்கில் திரேசம்மா மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தார். வேறு இடம் இருக்கவில்லை. என் பட்டி நோர்வேயில் கொஞ்சமாவது நனைந்தது. நேரம் முடிந்து தாதி அக்காவின் பட்டிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, பெட்டியிலிருந்து எடுத்ததுபோலவே இருந்தன. “துப்புரவா காய்ஞ்சு கிடக்கு டொக்டர்” என்றார் தாதி. மச்சாள் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். தன் முறை வந்ததும் எழுந்து போனார்.

டொக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். உடலைக் காக்க வேண்டிய சக்தி தடம் மாறிக் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிற ஒரு நோய் இருக்கிறது. பெண்களுக்கு, அதிலும் நடு வயதுக்குப் பிறகு, கூட வரும். இரத்தம் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், மூட்டு நோய்ப் பிரிவில் காட்டக் கடிதம் தருகிறேன் என்றார். சாயம் விட்டுப் பார்த்ததில் கருவிழியின் மேல் தேய்ந்த புள்ளிகள் நிறைய இருந்தன. இன்னும் விட்டிருந்தால் புண்ணாகிப் பார்வை போயிருக்கும். பாமசிப் போத்தலைப் பார்த்ததும் முகம் மாறியது. சிவப்பை மறைக்கும் ஸ்டீரொயிட் மருந்து இது, கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டும், இனித் தொடக்கூடாது என்று தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இருக்கிற கொஞ்சக் கண்ணீரும் வடிந்துபோகாமல் இமை மூலையிலுள்ள துவாரத்தை அடைக்கலாம், அதை யாழ்ப்பாணத்தில் செய்வார்கள். அதுவரை மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர், படுக்கும்போது களிம்பு. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து ஓட்டோவில் ஏறியபின், அந்த நோய்க்குப் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பெயரை இரண்டு மூன்று தரம் என்னிடம் கேட்டு, பிழையாகவென்றாலும் பாடமாக்கிக்கொண்டார்.

அன்று பின்னேரம் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். “அழுகை வந்தது பிள்ளை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி வந்தது. தண்ணிதான் வரேல்லை.”

ஆண்டுத் திருப்பலி முடிந்து எல்லாரும் அத்தானை அடக்கம் செய்த சேமக்காலைக்குப் போனோம். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. மெழுகுதிரி கொளுத்தக் கொளுத்த அணைந்தது. பாதர் செபம் சொல்லி முடித்ததும் ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். மணல் பறந்து அக்காவின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கல்லறைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கைப்பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துத் திருகினார். வீங்கிய விரல்களுக்கு அந்தச் சிறிய மூடி வசப்படவில்லை. நான் இரண்டு கல்லறை தள்ளி நின்றேன். என்னைவிட முன்னால் திரேசம்மா மச்சாள் வந்துவிட்டார். குனிந்து, குப்பியை அக்காவின் கையிலிருந்து வாங்கினார்.

“தலையை நிமித்து.”

அக்கா நிமிர்ந்தார். தன் கண்ணிலேயே வெண்புரை இருக்கும் அந்த மனுசி, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்து, ஒரு கையால் இமையை விலக்கிச் சொட்டு விட்டார். முதலாவது சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது கண்ணுக்குள் விழுந்தது. மற்றக் கண்ணுக்கும் விட்டார். பிறகு, குப்பியை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“என்னெண்டு மச்சாள் சொல்லுறது? பெட்டியடியிலை இருந்துகொண்டு, எனக்குக் கண்ணீர் வருகுதில்லை எண்டோ?”

மச்சாள் சேலைத் தலைப்பால் அக்காவின் கன்னத்தைத் துடைத்தார். மருந்து நிறைய வழிந்திருந்தது. இரண்டு கோடுகளாகத் தாடை வரை இறங்கியிருந்தது. சேமக்காலை வாசலில் நின்ற பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம், இண்டைக்குத்தான் அழுகிறா. உள்ளுக்குள்ளை அடக்கி வைச்சிருந்திருக்கிறா போல” என்றாள். ஓம் என்றேன். நோயின் பெயரைச் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னதில் பெரிய பிழை இருப்பதாகவும் எனக்குப் படவில்லை.

நான் புறப்படும்வரை மச்சாள் நாளும் காலையில் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சொட்டு விட்டுவிட்டு, சில நாள் மீன் கொடுத்துவிட்டு, போய்விடுவார். இரத்தப் பரிசோதனை டொக்டர் சந்தேகப்பட்டதையே உறுதிசெய்தது. யாழ்ப்பாணத்தில் துவாரங்களை அடைத்திருக்கிறார்கள். மூட்டுக்கும் குளிசை கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் பார்வை பழையபடி வரவில்லை, இனி வராதாம். இருந்தாலும் காலையில் சில மணி நேரம் தைக்கிறார். ஊருக்குள் அவர் பெயர் முழுவதும் திருந்திவிட்டதா என்று தெரியவில்லை. சிலருக்குப் பழைய கதைதான் வசதி. கோயிலில் மச்சாள் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் அறிந்தேன்.

நோர்வேக்குத் திரும்பியபோது பனி முழங்கால் அளவு இருந்தது. ஒரு கிழமைக்குள் என் கண்கள் பழையபடி எரியத் தொடங்கின. கண் நிலையத்துப் பெண்ணிடம், ஊரில் இருந்தபோது துணியும் வேண்டியிருக்கவில்லை, மருந்தும் வேண்டியிருக்கவில்லை என்று சொன்னேன். அப்படியானால் உங்கள் கண்ணுக்கு அந்த இடம்தான் பிடிக்கிறது என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு, அறையின் காற்றை ஈரமாக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கும்படி சொன்னார். பேருந்தில் காற்றைக் கீழே திருப்பிவிட்டார்கள். பக்கங்கள் மூடிய கண்ணாடி ஒன்றும் போடுகிறேன். பொறுப்பாளருக்கு இந்தமுறை “வறட்சி” என்ற அவர்களுடைய சொல்லைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, காது வரை சிவந்துபோனார்.

அந்த இயந்திரம் இப்போது எங்கள் படுக்கையறை மூலையில் மெல்லிய புகையை விட்டுக்கொண்டிருக்கிறது. சுவர்த்தாள் கிளம்பிவிடும் என்று கணவர் குறைப்படுகிறார். அக்காவோ, மழையால் துவைத்த துணி காயவில்லை, வீடெல்லாம் ஈரம் என்று தொலைபேசியில் குறைப்படுகிறார். விடியற்காலையில் எழும்பும்போது இமைகள் இலேசாகத் திறக்கின்றன. தலையணை உறை கீரியில்போலவே சில்லென்று ஈரமாக இருக்கிறது. ஒரு கணம் எந்த வீட்டில் கிடக்கிறேன் என்று தெரிவதில்லை. பிறகு எழுந்து யன்னலடிக்குப் போகிறேன். கண்ணாடியின் உட்புறம் முழுவதும் நீர் பூத்து வழிகிறது, வெளிப்புறம் பனி உறைந்திருக்கிறது. உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து, றோட்டில் எவ்வளவு பனி என்று பார்த்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்படுகிறேன்.